பூச்சி செல்லில் ஆன்டிபாடி: தொண்டி வெயிலில் 27 டிகிரியைப் பிடிப்பது எப்படி

மக்காச்சோளத்தை மொட்டையடிக்கும் படைப்புழுவை நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து வந்ததுதான் எஸ்எஃப்9 செல். பாகுலோவைரஸ் என்ற பூச்சி வைரஸில் ஆன்டிபாடியின் (நோய்க்கிருமியைப் பிடிக்கும் புரதம்) ஜீனை ஏற்றி, இந்தச் செல்லைத் தொற்ற வைத்தால் அதுவே ஆன்டிபாடியைச் செய்து தரும். செல் எண்ணுவது, கிருமி படாமல் வேலை செய்வது எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஜீன். ஆன்டிபாடியின் கனச் சங்கிலியும் இலகுச் சங்கிலியும் ஒரே செல்லில் உருவாக வேண்டும். இரண்டையும் தனித்தனி வைரஸில் வைத்தால், ஒன்று மட்டும் புகுந்த செல் வீண். அதனால் நான் எப்போதும் இரண்டு ஜீனையும் ஒன்றாகச் சுமக்கும் பாஸ்ட்பேக் டூயல் பிளாஸ்மிட்தான் (வட்ட டிஎன்ஏ) எடுப்பேன். பாலிஹெட்ரின் புரோமோட்டரில் (ஜீனை இயக்கும் டிஎன்ஏ பகுதி) ஒரு சங்கிலி, பி10 புரோமோட்டரில் இன்னொன்று, இரண்டின் முன்னும் புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் சிக்னல் பெப்டைடு. அதை டிஹெச்10பேக் என்ற ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, ஜீன் சேர்ந்ததைக் காட்டும் வெள்ளைக் காலனியிலிருந்து பேக்மிட்டை (வைரஸின் முழு டிஎன்ஏ) பிரித்துச் செல்லுக்குள் செலுத்தினால் முதல் வைரஸ் கிடைக்கும்.

நான் வாரக்கணக்கில் தடுக்கி நின்றது வெப்பநிலையில். இந்தச் செல்லுக்கு 27 டிகிரி வேண்டும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். குளிர் ஊரில் மேசை மேலேயே வைக்கிறார்கள். தொண்டிப் பக்கம் சித்திரையில் எங்கள் அறையே 34 டிகிரி. இன்குபேட்டரில் 27 என்று வைத்தேன். செல் பெருகவில்லை, செத்துக்கொண்டே இருந்தது. மீடியத்தை மாற்றினேன், புதுக் குப்பி உருக்கினேன், பலனில்லை. கடைசியில் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 36! சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், அறையை விடக் குளிர வைக்காது. குளிரூட்டியுள்ள பிஓடி இன்குபேட்டர் வாங்குங்கள், ஷேக்கர் உள்ளேயே இருந்தால் இன்னும் நல்லது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் அவசியம். கடற்காற்றில் கம்ப்ரஸர் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சரி, அப்புறம் எளிது. மில்லிக்கு 20 லட்சம் செல், 95 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்போது வைரஸைச் சேர்த்துவிடுங்கள். 72 மணி நேரத்தில் ஆன்டிபாடி கலந்த மீடியத்தை எடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டு விட்டுவைத்தால், வெடித்த செல்களின் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) ஆன்டிபாடியைக் கடித்துவிடும்.

பின்சேர்க்கை: ஆன்டிபாடியைப் பிடித்துச் சுத்திகரிக்கும் புரோட்டீன் ஏ குழாய் (column) அடைத்துக்கொள்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பூச்சி மீடியத்தின் பிஹெச் 6.2 அளவில் இருக்கும். 7.4க்கு உயர்த்தும்போது வெள்ளையாக வீழ்படிவு வரும். அதைச் சுழற்றி, வடிகட்டிய பிறகே குழாயில் ஏற்றுங்கள்.

இன்னொருவர் ஹை ஃபைவ் என்ற வேறொரு பூச்சி செல் பற்றிக் கேட்டார். அதில் மகசூல் கூடலாம். ஆனால் அது ஆன்டிபாடியில் ஒட்டும் ஆல்பா 1,3 ஃபியூகோஸ் சர்க்கரை மனித உடலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். மருந்தை மனதில் வைத்துச் செய்பவர்கள் எஸ்எஃப்9இலேயே தொடங்குங்கள், அதிலும் சர்க்கரை அமைப்பைச் சோதித்துவிடுங்கள்.