கடைத் தக்காளி விதையை கொடைக்கானல் குளிர்ல முளைக்க வச்ச கதை

கொடைக்கானல் கடைங்கள்ல கிடைக்கிற தக்காளி பெரும்பாலும் கீழ இருந்து வர்ற ஹைப்ரிட் (ரெண்டு ரகத்தைக் கலந்து உருவாக்குனது) தான், அந்த விதை முளைக்கவே முளைக்காதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது தப்புங்க, நல்லாவே முளைக்கும், ஆனா தாய்ச்செடி மாதிரி வராது, ஒண்ணு உருண்டையா காய்க்கும் பக்கத்துல இருக்கிறது நீளமா காய்க்கும்.

எனக்கு முளைப்பு தான் பிரச்சனையா இருந்துச்சு. விதையைச் சுத்தி இருக்கிற வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், அதை நொதிக்க விட்டு எடுக்கணும், சமவெளியில 2, 3 நாள்ல முடிஞ்சிடுற வேலை, இங்க குளிர்ல டம்ளர்ல அப்படியே கிடந்துச்சு. அடுப்பு ஓரமா நகர்த்தி வச்சேன், மேல ஆடை கட்டுச்சு, நல்ல விதை அடியில தங்குச்சு, அலசி பீங்கான் தட்டுல நிழல்ல காயவச்சேன் (பேப்பர்னா ஒட்டிக்கும்). நாத்து ட்ரேயும் அதே இடத்துல தான், மண்ணு 20 டிகிரிக்கு மேல இருந்தா தான் தக்காளி சுறுசுறுப்பா வரும். முளை தெரிஞ்ச உடனே வெயில் ஜன்னலுக்கு மாத்திடுங்க.

மூடுபனியில இலைக்கருகல் வந்துரும், அதனால மேல பாலித்தீன் கூரை போட்டு தண்ணிய வேர்ல மட்டும் விடுறேன். ராத்திரி 13 டிகிரிக்கு கீழ போனா காய் பிடிக்கிறது குறையும், அப்பவும் காய் பிடிச்ச செடியில இருந்து மட்டும் தான் அடுத்த விதை எடுக்குறேன், இப்படியே 6, 7 தலைமுறை போனா குணம் ஓரளவு நிலைச்சிடும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுன்னா பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியோட பிகேஎம் 1 ரகம் வாங்குங்க, அது ஹைப்ரிட் இல்ல, எடுத்த விதை அதே மாதிரியே வரும்.