3எக்ஸ்எல்லுக்கு மேல் டிரெண்டியாக உடுத்த: கை அளவை விட்டுவிடாதீர்கள்

என் மார்பு சுற்று 46 இஞ்ச், இடுப்பு 42, சீட் (இடுப்புக்குக் கீழே அகலமான இடம்) 50. முன்பெல்லாம் இதை டெய்லரிடம் சொல்லவே கூசுவேன். இப்போது செல் நம்பர் மாதிரி ஒப்பிக்கிறேன்.

போன வருஷம் சித்தி மகள் ரிசப்ஷனுக்கு ஆன்லைனில் ஒரு அனார்கலி எடுத்தேன். 3எக்ஸ்எல், மார்பு 48 என்று போட்டிருந்தது. எனக்கு 46, அப்படியானால் 2 இஞ்ச் லூஸ் என்று கணக்குப் போட்டேன். பார்சல் வந்தது, தலை நுழைந்தது. வலது கை முழங்கையைத் தாண்டி ஏறவில்லை. கழற்றவும் முடியவில்லை. தங்கச்சி கையைப் பிடித்து இழுக்க, அம்மா "கிழிஞ்சிரும்டி, மெதுவா" என்று கத்த, நான் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தள்ளுபடி விலையில் எடுத்தது, ரிட்டர்ன் கிடையாது. ரிசப்ஷனுக்குப் பழைய மெரூன் சேலையிலேயே போனேன்.

அதற்கப்புறம் நானாகக் கற்றுக்கொண்ட முறை இது. இதற்குப் பிறகு வாங்கியதில் ஒன்றே ஒன்றுதான் திரும்பிப் போனது.

1. உடம்பை அளப்பதற்கு முன் துணியை அளங்கள்

டேப் பிடிப்பது எப்படி என்று வீடியோக்கள் ஏராளம் இருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துகிற குர்த்தி ஒன்றை எடுங்கள். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். எனக்கு 25, ஆக 50. உடம்பு 46தான், ஆனால் வசதியாக உட்கார்ந்து எழ எனக்குத் துணி 50 வேண்டும். இதே மாதிரி சீட், ஷோல்டர், உயரம் எல்லாம் எடுத்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் விஷயத்தில் நான் கறார். தையல் சாமான் கடையில் கிடைக்கும் 60 இஞ்ச் டேப் போதும். போன் கேமராவில் அளக்கும் ஆப்பெல்லாம் சுவர் அளக்க சரி, நமக்கு வேண்டாம். பழைய டேப் என்றால் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு டேப் இழுத்து இழுத்து அரை இஞ்ச் நீண்டிருந்தது!

2. சைஸ் சார்ட்டில் எந்தக் கட்டம்?

சில சைட்டுகளில் இரண்டு அளவு இருக்கும். ஒன்று உடம்பு அளவு, இன்னொன்று தைத்த துணியின் அளவு. முதல் படியில் எழுதியதைத் துணி அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே எண்தான் இருக்கிறது, எது என்று சொல்லவில்லை என்றால் கேள்வி பகுதியில் கேட்காமல் வாங்காதீர்கள். காட்டன், ரேயான் மாதிரி இழுபடாத துணியில் உடம்பைவிட 3, 4 இஞ்ச் கூட வேண்டும். லைக்ரா கலந்த பின்னல் துணியில் உடம்பு அளவே போதும்.

எக்ஸ் எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை. ஒரு கம்பெனியின் 3எக்ஸ்எல் இன்னொன்றின் எக்ஸ்எல்லாக இருக்கும். நம் நாட்டு உடம்புக்கென்று பொது அளவு வேண்டும் என்றுதான் நிஃப்ட் என்ற மத்திய அரசு ஃபேஷன் கல்வி நிறுவனம் 'இந்தியாசைஸ்' திட்டத்தில் 25,000 பேரை ஸ்கேன் செய்து அளக்க இறங்கியது. சென்னையும் அதில் உண்டு. எல்லாக் கடை லேபிளிலும் ஒரே அளவு வரும்வரை டேப்தான் நமக்குத் துணை.

3. கை (நான் மாட்டிய இடம்)

இங்கே அவசரப்படாதீர்கள்.

கையைத் தொங்கவிட்டு, அக்குளுக்குச் சற்றுக் கீழே, சதை அதிகமுள்ள இடத்தில் சுற்றளவு எடுங்கள். பிறகு முழங்கையை மடக்கி இன்னொரு முறை எடுங்கள். எனக்குத் தொங்கவிட்டால் 17.5, மடக்கினால் 18. இழுபடாத துணி என்றால் அதற்கு மேல் 2 இஞ்ச் வேண்டும். அதாவது எனக்குக் கை லூஸ் (துணியில் கையின் சுற்றளவு) 20. அந்த அனார்கலியின் கை 16! மார்பு 48 இருந்து என்ன பயன்?

இந்தக் கை லூஸ் பெரும்பாலான சார்ட்டில் இருக்காது. கம்பெனிகள் ஒரு சைஸுக்குப் பேட்டர்ன் போட்டுவிட்டு, மற்ற சைஸுக்கெல்லாம் ஒரே கணக்கில் கூட்டிக்கொண்டே போவார்கள். ஷோல்டரும் கூடவே வளரும், எலும்பு அப்படி வளராது. கை சதைக்குத் தேவையான அளவு கூட்ட மாட்டார்கள். அதனால்தான் நமக்கு எப்போதும் தோள் தொங்கும், கை இறுக்கும்.

என்ன செய்யலாம்? விற்பவரிடம் "5எக்ஸ்எல்லில் கை லூஸ் எத்தனை இஞ்ச்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வராத கடையை விட்டுவிடுங்கள். மாடல் போட்டோவைப் பார்த்துப் பயனில்லை, அவர் போட்டிருப்பது எஸ் சைஸ் என்று கீழேயே பொடி எழுத்தில் இருக்கும். வாங்கியவர்கள் போட்ட படங்களில் கையை உற்றுப் பாருங்கள். குறுக்கே கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். உடம்போடு சேர்ந்தே விரியும் கஃப்தான் கை, தோள் இறங்கிய டிராப் ஷோல்டர் இவற்றிலெல்லாம் இந்தத் தொல்லை குறைவு, இப்போது டிரெண்டும் அதுதான்.

வேறு வழியில்லை என்றால் கைக்குப் பொருந்தும் சைஸை எடுத்து, பக்கவாட்டில் உள்ளே தைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பது பத்து நிமிஷ வேலை. பிரித்துவிட உள்ளே துணி இருக்க வேண்டுமே! ரெடிமேடில் அரை இஞ்ச்கூட விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தோள் ஒரு இஞ்சுக்கு மேல் தொங்கினால் வாங்க வேண்டாம், தோளைச் சரிசெய்வது பெரிய வேலை.

அந்த அனார்கலியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முன்பு மதுரை புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கும் டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனேன். "கைக்குழியைக் கொஞ்சம் கீழே வெட்டிருங்கண்ணே" என்றேன். அவர் துணியைக் கையிலேயே வாங்கவில்லை.

"தோண்டக் கூடாதும்மா. தோண்டுனா கையத் தூக்குறப்ப மொத்தமும் மேல ஏறும். அடியில துணி வைக்கணும்."

கீழ் மடிப்பைப் பிரித்து, அதிலிருந்து துணி எடுத்து, அக்குளுக்கு ஒரு துண்டாக வைத்து, கையின் உள்தையலிலும் பட்டி கொடுத்தார். கையை இறக்கினால் வெளியே தெரியவே இல்லை. உயரம் 2 இஞ்ச் குறைந்தது, போகட்டும்.

4. எதை வாங்குவது

"கறுப்பு போடு, ஒல்லியா தெரிவ" என்று சொல்லும் அத்தைகளை விடுங்கள். நான் மஞ்சளே போடுகிறேன்.

கோ-ஆர்ட் செட் (ஒரே துணியில் டாப்பும் பேண்ட்டும்) அழகுதான், ஆனால் மேலும் கீழும் ஒரே சைஸில் வரும். எனக்குக் கீழே ஒரு சைஸ் கூட வேண்டும். தனித்தனியாக சைஸ் தேர்ந்தெடுக்கவிடும் கடையில் மட்டும் வாங்குகிறேன். ஜீன்ஸில் அகலக் கால் எடுங்கள், இடுப்பைவிட சீட் அளவைப் பாருங்கள். உட்கார்ந்து பார்க்காமல் பில் போடாதீர்கள்.

5. எங்கே

நேரில் போட்டுப் பார்க்க வெஸ்ட்சைட் கடையில் கியா என்ற பெரிய சைஸ் வரிசை. ஆன்லைனில் பெரிய சைஸுக்கென்றே இருக்கும் அமைடஸ். மிந்த்ரா, அஜியோவில் சைஸ் ஃபில்டரை முதலில் போட்டுவிட்டுத்தான் படம் பார்ப்பேன். பிடித்த பிறகு சைஸ் இல்லை என்றால் மனசு கஷ்டம்.

தைத்துக்கொள்வது என்றால் மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுப்பேன். கடைக்காரர் "ரெண்டரை மீட்டர் தாராளம்" என்பார். 44 இஞ்ச் அகலத் துணியில் என் முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் அமையாது, உயரவாக்கில் இரண்டு முறை போக வேண்டும். அதிலேயே ரெண்டரை முடிந்துவிடும், கைக்கு இல்லை. 3 மீட்டர் கேளுங்கள்.

பிறகு சேர்த்தது: ரேயான் குர்த்தி முதல் தண்ணீரிலேயே சுருங்கிவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், சொல்ல விட்டுவிட்டேன். தைக்கும் துணியை முந்தின நாளே ஊறவைத்துக் காயப்போட்டுக் கொடுங்கள். ரெடிமேட் என்றால் உயரத்தில் 2 இஞ்ச் கூடுதலாகப் பாருங்கள்.

இன்னொன்று: சேலை பிளவுஸ் பற்றிக் கேட்ட தோழிக்கு. சேலையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 செ.மீ.தான். மார்பு 44 இஞ்சுக்கு மேல் இருந்து, முழங்கைவரை கை வேண்டும் என்றால் பத்தாது, ஒரு மீட்டராவது வேண்டும். சேலையிலிருந்து வெட்டுவதற்கு முன்பே டெய்லரிடம் காட்டிவிடுங்கள். வெட்டும்போதே இடுப்பில் செருகும் முனைப் பக்கம் 20 செ.மீ. சேர்த்து எடுக்கலாம், ஆனால் இடுப்பைச் சுற்றியது போகக் கொசுவத்துக்கு மிஞ்சுகிறதா என்று கட்டிப் பார்த்துவிட்டு. எனக்கு மிஞ்சவில்லை. அதனால் உடம்புக்கு அந்த 80 செ.மீ., கைக்குப் பார்டர் நிறத்தில் வேறு துணி வாங்கித் தைத்துக்கொள்கிறேன்.