விதைப்புக்கு முன்பே வாங்குங்கள்: ஒரு தெரு ஓர் உழவரோடு சேர்வது எப்படி

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி என்னும் பாரம்பரிய நெல் ரகங்களின் பெயர்கள் இன்று நகரத்துக் கடைகளில் பரவலாகக் காணக் கிடைக்கின்றன. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை நெல் கொடுத்து, மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திரும்பப் பெற்று அடுத்தவருக்கு வழங்கிய நெல் ஜெயராமன் போன்றோரின் உழைப்பால் விதைகள் மீண்டும் வயலுக்கு வந்தன. ஆனால் விளைந்த நெல்லை நியாயமான விலைக்கு வாங்க உறுதியான ஆள் இருக்கிறாரா என்பது இன்னும் பல சிறு விவசாயிகளுக்குத் தெரியாத ஒன்றாகவே இருக்கிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு விலைகளே உண்டு. பாரம்பரிய ரகத்துக்கென்று தனி விலை கிடையாது. அறுவடை முடிந்ததும் கடனுக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருப்பதால், விலை குறைந்திருக்கும் தை, மாசியிலேயே களத்து நெல்லை விற்றுவிட நேர்கிறது. ஆகவே, நினைத்தபோது கடையில் ஒரு பொட்டலம் வாங்குவதைவிட, விதைப்பதற்கு முன்பே இத்தனை மூட்டை எங்களுக்கு என்று சொல்லி முன்பணம் கொடுப்பதுதான் அவருக்கு உண்மையான துணை. ஒரு தெருவோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போ இதைச் செய்ய முடியும்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். 20 குடும்பங்கள், குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 3,600 கிலோ ஆகிறது. 100 கிலோ நெல்லை அரைத்தால் 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும் என்று கொண்டால், 5,500 முதல் 6,000 கிலோ வரை நெல் வேண்டும். இரசாயன உரமிடாத பாரம்பரிய ரகத்துக்கு ஏக்கருக்கு 1,200 கிலோ கண்டுமுதல் (விளைச்சல்) என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 5 ஏக்கர் நிலம். அதாவது 20 வீடுகள் சேர்ந்தால் ஒரு சிறு விவசாயியின் நிலம் முழுவதற்கும் பொறுப்பேற்கலாம். ஆயினும் முதல் ஆண்டில் தேவையில் கால் பங்குக்கு மட்டும் ஒப்புக்கொள்வதே நல்லது, ஏனெனில் வாக்குக் கொடுத்துவிட்டு வாங்காமல் போவது, வாக்கே கொடுக்காமல் இருப்பதைவிட அவருக்குப் பெரிய இழப்பு.

விவசாயியைத் தேடுவதற்கு உழவர் சந்தை நல்ல இடம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய இச்சந்தைகளில் அடையாள அட்டை பெற்ற விவசாயிகளே விற்பதால், விளைவித்தவரிடம் நேரடியாகப் பேசலாம். வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் அருகிலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலும் கேட்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருப்பவரையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய மூன்று வேளைகளிலாவது குழுவிலிருந்து இரண்டு மூன்று பேர் வயலுக்குப் போக வேண்டும். என்ன உரமிட்டார், பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து இவர் வயலுக்கு வருகிறதா, வரப்பு எத்தனை அகலம், தண்ணீர் எங்கிருந்து பாய்கிறது என்பவற்றை நேரில் கேட்டறிந்தால் நம்பிக்கை உறுதிப்படும். இயற்கை முறையில் விளைந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று குழுவில் யாரேனும் கருதினால், கட்டணச் சுமை மிகுந்த மூன்றாம் தரப்புச் சான்றை ஒரு சிறு விவசாயியிடம் வலியுறுத்துவதைவிட, குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்யும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் கவனமாகச் செய்ய வேண்டியது விலை நிர்ணயம். கடை விலையைப் பார்த்து அதில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பது முறையன்று. விவசாயியோடு உட்கார்ந்து உழவு, விதை, நாற்றங்கால், நடவுக்கூலி, களையெடுப்பு, இடுபொருள், அறுவடை இயந்திர வாடகை, வண்டிக்கூலி ஆகியவற்றை ஏக்கர் வாரியாக எழுதுங்கள். அவரும் அவர் வீட்டாரும் வயலில் உழைக்கும் நாட்களுக்குரிய கூலியையும், குத்தகை நிலமாயின் அதன் தொகையையும் சேருங்கள். பெரும்பாலான கணக்குகளில் விட்டுப்போவது இவ்விரண்டும்தான். மொத்தத்தை எதிர்பார்க்கும் கண்டுமுதலால் வகுத்து, அவருக்குரிய ஆதாயத்தையும் சேர்த்தால் கிலோ நெல்லின் விலை வரும். அரவைக் கூலியும் கொண்டுவரும் செலவும் தனி. விதைப்புக்கு முன்பு ஒப்புக்கொண்ட இந்த விலை, தையில் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறக் கூடாது.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுப்பது வசதி: விதைப்பின்போது ஒன்று, களையெடுப்பின்போது ஒன்று, நெல் கைக்கு வந்தபின் எஞ்சியது. சம்பாப் பட்டம், அதாவது சம்பா நெல் பயிரிடும் பருவம், ஆவணி, புரட்டாசியில் தொடங்குவதால், முதல் தவணை ஆடி முடிவதற்குள் சேர்ந்திருக்க வேண்டும். மழை தவறினாலோ அறுவடை நேரத்து மழையில் பயிர் சாய்ந்தாலோ என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். உயரமாக வளரும் பாரம்பரிய ரகங்கள் சாய்வதற்கு வாய்ப்பு மிகுதி என்பதால் இதைத் தள்ளிப்போட இடமில்லை. முதல் தவணையைத் திருப்பிக் கேட்பதில்லை, இரண்டாவது அடுத்த பட்டத்தின் கணக்கில் சேரும் என்பதே என் பரிந்துரை. 1970களில் ஜப்பானில் நுகர்வோர் குழுக்கள் விவசாயிகளோடு வகுத்துக்கொண்ட தெய்கெய் முறையும், இருவரும் ஒருவர் சுமையை ஒருவர் பகிர வேண்டும் என்ற அடிப்படையில் எழுந்ததே. ஒப்பந்தம் ஒரே பக்கத்தில், இரு தரப்பும் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய தமிழில் இருக்கட்டும்.

ரகத்தைத் தேர்வதில் ஆர்வம் மட்டும் போதாது. கருப்புக் கவுனியும் காட்டுயானமும் பல மணி நேரம் ஊற வேண்டியவை. அன்றாடச் சோற்றுக்கு அவற்றை மூட்டைக் கணக்கில் வாங்கும் குடும்பங்கள் சில மாதங்களில் ஒதுங்கிவிடுகின்றன. முதல் ஆண்டுக்கு வெள்ளை அரிசியாகிய தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் பொருத்தம். கஞ்சிக்கும் இட்லிக்கும் கொஞ்சம் மாப்பிள்ளைச் சம்பா போதும். பச்சரிசியா புழுங்கலா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள், ஏனெனில் நெல்லை அவித்து உலர்த்தும் வசதி எல்லா ஊரிலும் இல்லை.

நெல்லாக வைத்திருந்தால் ஓராண்டுக்கும் மேல் கெடாது. அரைத்த அரிசி அப்படியன்று. பட்டை தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால், நாளடைவில் சிக்கு வாடை வந்துவிடும். எனவே ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்குக் கீழ் வரும் வரை உலர்த்திய நெல்லை விவசாயியின் வீட்டிலோ வாடகை அறையிலோ தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைத்து, மாதத்துக்கு ஒருமுறை தேவையான அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும். வீட்டில் அரிசிப் பாத்திரத்தில் வசம்புத் துண்டையோ உலர்ந்த நொச்சி இலையையோ போட்டால் வண்டு குறையும். அரவையில் வரும் தவிடு விவசாயியின் மாட்டுக்கே போகட்டும்.

காய்கறிக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. வாரம் ஒரு கூடை, ஒரே விலை, அந்தந்தப் பருவத்தில் விளைவது எதுவோ அது என்று பேசிக்கொண்டால் போதும். ஆடிப்பட்டத்தில் விதைத்த கத்தரியும் வெண்டையும் காய்க்கும் மாதத்தில் கேரட் வேண்டும் என்று கேட்காதிருப்பதுதான் குடும்பங்கள் செய்ய வேண்டிய ஒத்துழைப்பு.

கணக்கை ஒருவரும் விநியோகத்தை இன்னொருவரும் ஏற்று, ஆண்டுதோறும் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டின் தலையில் எல்லாம் விழுந்தால், அந்த வீட்டார் சோர்வடையும் நாளில் குழுவும் கலைந்துவிடும். இரண்டாம் ஆண்டில், முதல் விவசாயியின் அளவைக் குறைக்காமல், வேறொரு பாசனப் பகுதியில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால், ஓரிடத்தில் மழை பொய்த்தாலும் குடும்பங்களுக்கு அரிசி கிடைக்கும். பயிரை இழந்த விவசாயிக்கும் அடுத்த விதைப்புக்கான தவணை தவறாமல் போய்ச் சேரும்.