விண்டோஸ் அப்டேட் எப்போது வரவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்

திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் இணையம் என்றால் சிம் போட்ட ரவுட்டர்தான், இல்லாவிட்டால் போனில் இருந்து எடுக்கும் ஹொட்ஸ்பொட். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று காசு கட்டிப் போட்ட டேட்டாவை, பிள்ளை ஸூம் வகுப்பில் இருக்கும் நேரத்தில் விண்டோஸ் பின்னால் இருந்து இழுத்துக்கொண்டிருந்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் அப்டேட்டே வேண்டாம், ஒரேயடியாக நிறுத்தித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். எப்போது இறங்க வேண்டும், எப்போது ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்ற இரண்டையும் உங்கள் கைக்குள் கொண்டுவந்தால் காணும், அதற்குத் தனியாக எதையும் வாங்கவும் தேவையில்லை.

முதலில் உங்கள் வைஃபையை மீட்டர்ட் கனெக்‌ஷன் ஆக்குங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, பிறகு இணைந்திருக்கும் வைஃபையின் ப்ரொப்பர்ட்டீஸ். அங்கே மீட்டர்ட் கனெக்‌ஷன் என்ற சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு விடுங்கள். விண்டோஸ் 10 இலும் ஏறக்குறைய இதே வழிதான், வைஃபையின் பெயரைத் தட்டினால் அந்த சுவிட்ச் வரும். ரவுட்டரில் இருந்து வயர் இழுத்திருந்தால் ஈதர்நெட் பக்கத்திலும் அது இருக்கிறது. இப்படிச் செய்தால், அளந்து தரப்படும் டேட்டா இது என்று விண்டோஸுக்குத் தெரிந்துவிடும், மிக அவசியமான சிலவற்றைத் தவிர மற்ற அப்டேட்களைக் கேட்காமல் இறக்காது. உங்களுக்கு வேண்டிய நேரத்தில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் டவுன்லோட் பட்டனை நீங்களே அழுத்தலாம். பேக்கேஜில் நடுச்சாமத்துக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குவது புத்திசாலித்தனம்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த செட்டிங் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி, அதனால் ரவுட்டருக்குப் போட்டுவிட்டு, மாமாவின் போன் ஹொட்ஸ்பொட்டுக்குப் போடாமல் விட்டால் அந்தப் பக்கத்தால் டேட்டா போய்விடும். மற்றது, விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் மீட்டர்ட் கனெக்‌ஷனிலும் அப்டேட் இறக்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

சரி, டேட்டா பிரச்சினை இவ்வளவுதான். அடுத்தது ரீஸ்டார்ட். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் அக்டிவ் அவர்ஸ் என்று இருக்கிறது. நீங்கள் கணினியைப் பாவிக்கும் நேரத்தை அதில் கொடுத்தால் அந்த நேரத்துக்குள் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணித்தியாலம் வரை கொடுக்கலாம், காலை 6 இல் இருந்து இரவு 12 வரை என்று நான் போட்டு வைத்திருக்கிறேன், உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைவிடக் குறைத்தால் சரிவராது. ஆனால் பலர் நினைப்பதுபோல இது டவுன்லோடைத் தடுக்காது, ரீஸ்டார்ட்டை மட்டும்தான். ரீஸ்டார்ட் தேவைப்படும்போது எனக்கு அறிவி என்ற சுவிட்சும் பக்கத்திலேயே இருக்கும், அதையும் போட்டு வையுங்கள்.

பரீட்சை, வேலைக்கான ஒன்லைன் நேர்முகம் என்று ஒரு அவசரக் காலம் வந்தால் பாஸ் அப்டேட்ஸ் (Pause updates, அப்டேட்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பது) இருக்கிறது. விண்டோஸ் 11 இல் ஒரு வாரத்தில் இருந்து ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். தவணை முடிந்ததும், சேர்ந்து நிற்கும் அப்டேட்களைப் போட்ட பிறகுதான் மறுபடி நிறுத்த விடும், ஆகவே பரீட்சை நடுவில் தவணை முடியாதபடி நாளைப் பார்த்து அழுத்துங்கள்.

மைக்ரோசொஃப்ட் மாதாந்த அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க நேரத்தைக் கணக்குப் பார்த்தால் நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதாவது புதன் காலையில் கணினியைப் போடும்போதுதான் அது தெரியும். நான் அந்த வாரக் கடைசியில், வேலை இல்லாத ஒரு மத்தியானம் இறக்குவேன். வந்த அப்டேட்டில் கோளாறு ஏதும் இருந்தால் அதற்குள் ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். விண்டோஸ் 11 இல் புதிய அப்டேட்களை வந்தவுடனேயே எடு என்றொரு சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்து வையுங்கள், நமக்கு எந்த அவசரமும் இல்லை.

வீட்டில் இரண்டு கணினி இருந்தால் டெலிவரி ஒப்டிமைசேஷனைப் பாருங்கள். உள்வீட்டு நெட்வேர்க்கில் இருக்கும் கணினிகள் மட்டும் என்று தெரிவு செய்தால், ஒன்று இறக்கியதை மற்றது எடுத்துக்கொள்ளும். இணையத்தில் இருக்கும் கணினிகளையும் சேர்த்து வைத்தால் யாரோ ஒருவருக்கு உங்கள் டேட்டா போகும், அது வேண்டாம்.

கணினி திருத்தும் சில இடங்களில் சேர்விசஸுக்குள் (விண்டோஸ் பின்னால் ஓட்டும் வேலைகளின் பட்டியல்) போய் விண்டோஸ் அப்டேட்டை முழுதாக டிசேபிள் செய்து கொடுக்கிறார்கள். விண்டோஸிலேயே மெடிக் சேர்விஸ் என்று ஒன்று இருக்கிறது, அது திருப்பிப் போட்டுவிடும். போடாவிட்டால் இன்னும் ஆபத்து. 2017 மே மாதம் வன்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிக் காசு கேட்டது, பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் கூடத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். வீட்டுக் கணினியில்தானே பிள்ளைகளின் படங்களும், காணி உறுதி ஸ்கேன்களும், பாங்க் கணக்கும் இருக்கின்றன.

உங்களிடம் விண்டோஸின் ப்ரோ பதிப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டார்ட்டில் குரூப் பொலிசி என்று தேடி, கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் கொம்போனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் (விண்டோஸ் 11 என்றால் அதற்குள் மனேஜ் எண்ட் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) என்று உள்ளே போய், கொன்ஃபிகர் ஒட்டோமேட்டிக் அப்டேட்ஸை எனேபிள் செய்து 2 என்று இலக்கம் போட்ட தெரிவை வையுங்கள். இறக்குவதற்கு முன்பே உங்களிடம் கேட்கும். ஹோம் பதிப்பில் இந்த வழி இல்லை.

மாரி தொடங்கி மழையும் காற்றுமாக இருக்கும் நாளில் டெஸ்க்டொப்பில் அப்டேட் போடாதீர்கள், யூபிஎஸ் இருந்தால் பரவாயில்லை. அப்டேட் பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பிக்கொள்ளும், ஆனால் எல்லா நேரமும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது. லப்டொப் என்றால் சார்ஜரைக் கொழுவிவிட்டுத் தொடங்குங்கள், சதவீதம் அசையாமல் நின்றாலும் பவர் பட்டனை அமத்த வேண்டாம். போட்ட பிறகு பிரின்டரோ சத்தமோ வேலை செய்யாவிட்டால் அப்டேட் ஹிஸ்டரிக்குள் போய், அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸில் கடைசியாக வந்ததை எடுத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு பாஸ் போட்டு வையுங்கள்.