வயதான நாய் தள்ளாடுகிறதா? வயிற்றுக் கட்டி, ரத்தச் சர்க்கரை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

நாய்க்குப் பத்து, பதினொரு வயது. காலையில் வெறும் வயிற்றோடு நடக்கக் கூட்டிப்போனால் பின்னங்கால் பின்னுகிறது, தெருமுனையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சோறு தின்றதும் பழையபடி வாலாட்டுகிறது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் பெரிய தவறு. மூட்டுவலி சோறு தின்றதும் போகாது. ரத்தச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாய்க்கு ஏறக்குறைய 80 முதல் 120 வரை இருக்க வேண்டியது, 60-க்குக் கீழே போனால் சும்மா இருக்கக்கூடாது.

வயதான நாய்க்கு முதல் தடவையாக வலிப்பு வந்தால், சர்க்கரையைப் பார்க்காமலே வலிப்பு மாத்திரை தொடங்குவதும் தவறு. எடுத்த ரத்தம் குழாயில் அப்படியே கிடந்தால் சிவப்பணுக்களே அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுவிடும், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரும் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். அதனால் லேபிலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, சர்க்கரை குறைவுதான் என்று தெரிந்துவிட்டது. உடனே எல்லோரும் கணையத்தில் வந்து இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்சுலினோமா கட்டியைத்தான் தேடுவார்கள். தேட வேண்டியதுதான். ஆனால் ஸ்கேனில் கணையம் சுத்தமாக இருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இரைப்பைச் சுவரின் தசையில் வளரும் லியோமையோமா, லியோமையோசார்கோமா போன்ற கட்டிகள், இன்சுலினைப் போலவே வேலை செய்யும் ஐஜிஎஃப்-2 என்ற பொருளைச் சுரந்து சர்க்கரையை இறக்கிவிடலாம். வாந்திகூட இல்லாமல் இருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்திலேயே இன்சுலினையும் அளந்தால் வழி தெரியும்: இன்சுலினோமாவில் சர்க்கரை இறங்கியும் இன்சுலின் அடங்காமல் இருக்கும், இந்தக் கட்டிகளில் குறைந்திருக்கும். இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏனென்றால், இந்தத் தசைக் கட்டியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் சர்க்கரை பழைய நிலைக்கு வந்துவிடும்.

அப்புறம், மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தேனைக் கொஞ்சம் ஈறில் தடவினால் போதும். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் விரல் விட வேண்டாம், கடித்துவிடும். ‘சுகர் ஃப்ரீ’ பண்டம் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் சர்க்கரை இன்னும் பாதாளத்துக்கு இறங்கும். நாய் தெளிந்ததும் சோறு கொடுத்து, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். தினமும் இனிப்பு கொடுத்துச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். இன்சுலினோமா இருந்தால் இனிப்பு மேலும் இன்சுலினைக் கிளப்பிவிடும். தீவனத்தையே நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பரிசோதனைக்காகப் பட்டினி போடச் சொன்னால், சர்க்கரை இறங்கும் நாய் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.