மாடியில்தானே தொட்டி இருக்கிறது, பம்ப் எதற்கு?

சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஏழு மாடி எழுப்புகிறவர்கள் தீயணைப்புக் குழாய் வரைபடத்தைப் பார்த்தவுடன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் பம்பை விட்டுவிட்டால் மாட்டிக்கொள்கிறவர் மேல்மாடிக்காரர்.

10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். தொட்டி 22 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரைத்தளத்தில் ஹோஸ் மாட்டும் வால்வில் இரண்டு கிலோ வந்துவிடும். மேல்மாடி வால்வுக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே நான்கு மீட்டர்கூடத் தேறாது, 0.4 கிலோதான். அதை வைத்து மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம், எரிகிற அறையை வாசலில் நின்று அணைக்க முடியாது. ஆகவே கணக்கை எப்போதும் மேல்மாடிக் கடைசி வால்விலிருந்து தொடங்குங்கள்.

15 முதல் 35 மீட்டர் வரையிலான அடுக்குமாடி வீடுகளுக்கு, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு டவுன் கமர் முறையை, அதாவது மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியே தண்ணீரைக் கீழே இறக்கும் முறையைச் சொல்கிறது: மாடியில் 25,000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்ப், 100 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய், ஒவ்வொரு தளத்திலும் வால்வு. பம்ப் முழு வேகத்தில் ஓடினால் தொட்டி அரை மணி நேரத்துக்குள் காலி. அதற்குப் பிறகு தீயணைப்பு வண்டியை நம்பித்தான் இருக்க வேண்டும். அதனால்தான் தரைமட்டத்தில் வண்டியின் ஹோஸை மாட்ட ஓர் இன்லெட் வைக்கிறோம். பம்புக்குப் பின்னால் தண்ணீரைத் திரும்ப விடாத 'நான்-ரிட்டர்ன்' வால்வு இல்லையென்றால், வண்டி ஏற்றும் தண்ணீர் நேராகத் தொட்டிக்குப் போய் நிரம்பி வழியும். தீப்பிடித்த தளத்து ஹோஸில் வேகம் இருக்காது. வரைபடத்தில் சின்ன அம்புக்குறியாக இருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

35 மீட்டர் ஹெட், அதாவது 35 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஈடான அழுத்தம் தரும் பம்ப் என்றால் 12.5 குதிரைத்திறன் மோட்டார் போதும். அதன் மின்இணைப்பைக் கட்டடத்தின் மெயின் சுவிட்சுக்கு முன்பிருந்தே தனியாக எடுங்கள். தீ என்றதும் யாராவது ஓடிப்போய் மெயினை அணைப்பார்கள், அணைக்கத்தான் வேண்டும். அப்போதும் பம்ப் ஓட வேண்டும். கீழ்த்தளங்களில் பம்பின் அழுத்தத்தோடு உயரத்தின் அழுத்தமும் சேர்ந்து ஹோஸ் ஆளையே தள்ளிவிடும், ஆகவே அங்கே வால்வில் துளைத் தகடு போட்டு அழுத்தத்தைக் குறையுங்கள்.

தொட்டி விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. சித்திரை வெயிலில் மேட்டூர்த் தண்ணீர் ஒரு நாள் தவறினால், சங்கத் தலைவரே தீயணைப்புத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வார். தொட்டியை இரண்டு அறைகளாகத் தடுத்து, தண்ணீர் முதலில் தீயணைப்பு அறையில் விழுந்து, அது நிரம்பி வழிந்த பிறகே வீட்டு உபயோக அறைக்குப் போகும்படி கட்டுங்கள். இருப்பும் குறையாது, தண்ணீரும் தேங்கிக் கெடாது.

இதே வரைபடத்தை அப்படியே ஏற்காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே நிலத்தடித் தொட்டி வைத்தால், அதிலிருந்து உறிஞ்சும் பம்ப் கடல்மட்டத்தில் ஏற்றும் உயரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இழந்துவிடும். டீசல் எஞ்சினின் திறனும் இறங்கும். அங்கே பம்பை நீர்மட்டத்துக்குக் கீழேயே வைத்துவிடுங்கள், சரிவான மனையில் அது சுலபம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடிவாரத்திலிருந்து உதவி வரவேண்டியிருந்தால் நேரமாகும் என்பதால் தொட்டியையும் தாராளமாகக் கட்டச் சொல்வேன்.

சாவியை வாங்குவதற்கு முன் மேல்மாடி வால்வில் 15 மீட்டர் ஹோஸை மாட்டி, அதன் முனையில் தண்ணீர் பீய்ச்சும் பிராஞ்ச் பைப்பைப் பிடித்துத் திறந்து பாருங்கள். ஹோஸை வால்வோடு இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு காதுகளும் 'டக்' என்று பூட்ட வேண்டும்; ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அங்கேயே பீறிடும். அழுத்தமானியைத் தண்ணீர் ஓடும்போது படியுங்கள். வால்வு மூடியிருக்கும்போது எந்த பம்பும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.