ஆன்ட்டி டிபிஓ ரிப்போர்ட் கைக்கு வந்தால்

எனக்கு ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பே தன் தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய், வந்து ஒன்பது வருஷமாகிறது. போன மாசம் என் தங்கைக்கும் அதே ரிப்போர்ட். ஆன்ட்டி டிபிஓ 600க்கு மேல், டிஎஸ்எச் 14. மந்தைவெளியில் அம்மா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "அக்கா, இந்த 600ஐ எப்படிக் குறைக்கிறது?" என்று அழுதாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் 600ஐ விட்டுவிட்டு டிஎஸ்எச் வரியைப் பாருங்கள். தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன் அது, தைராய்டு சோர்ந்தால் ஏறும். டிபிஓ என்பது தைராய்டு செல்லில் ஹார்மோன் உண்டாக்கும் நொதி. அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்ட்டிபாடிதான் ஆன்ட்டி டிபிஓ. உடம்பு அதையே அந்நியமாக நினைக்கிறது என்பதற்கு அந்த 600 ஒரு சாட்சி, அவ்வளவுதான். செல்லைக் கொல்வதில் பெரிய பங்கு டி செல்களுக்கு. வைரஸ் புகுந்த செல்லை அழிக்க வேண்டிய வெள்ளையணுக்கள் அவை. ஆள் தெரியாமல் தைராய்டு செல்லோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளை போடும். மயிலாப்பூர் லஸ் பக்கம் இளநீர்க்காரர் சீவித் துளை போட்டு ஸ்ட்ராவைச் செருகுவாரே, அப்படி. அந்தத் துளை வழியே கிரான்சைம் என்ற நொதி உள்ளே இறங்கும். இறங்கியதும் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். செல்லின் மேல் இருக்கும் ஃபாஸ் என்ற புரதத்தைத் தூண்டிவிட்டாலும் அதே கதிதான். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியதும் இந்தக் கூட்டத்தைத்தான். சுரப்பிக்குள் லிம்போசைட்டுகள், அதாவது டி செல்கள் சேர்ந்த வெள்ளையணு வகை, குவிந்து கிடந்தன.

நாம் போடுகிற தைராக்சின் மாத்திரை இந்தச் சண்டையை நிறுத்துவதில்லை. குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறது. அதனால் மாசாமாசம் ஆன்ட்டி டிபிஓ எடுக்க வேண்டாம். ஒரு லேப்காரர் பேச்சைக் கேட்டு நான் ஒரு வருஷம் எடுத்தேன். அந்தப் பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள், போதும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபிக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். டிகாக்‌ஷன் வாசனையோடு விடிகிற வீட்டில் இதுதான் பெரும்பாடு. நான் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரை டப்பாவும் வைத்துக்கொள்வேன். ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு மறுபடி படுத்தால் ஆறு மணிக்குக் காபி. டப்பாவை இறுக்கி மூடுங்கள், அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். சென்னை வெக்கையும் ஈரமும் அதற்கு ஆகாது.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரலாம்.

அப்புறம், தங்கையிடம் இரண்டு முறை சொன்னது இது. நாள் தள்ளிப்போய் கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முதல் சில மாதங்கள் குழந்தைக்கும் உங்கள் ஹார்மோன்தான். பெரும்பாலும் டோஸைக் கூட்டச் சொல்வார்கள்.